மலை ஓடையைக் கடக்கும் முன்...

மழை தொடங்கிவிட்டால் மும்பைவாசிகளுக்கு மலை ஆசை வந்துவிடும். ஞாயிறு அதிகாலை தாதரில் லோக்கல் ரெயில் ஏறினால் ஏறக்குறைய 2 மணி நேரத்தில் கர்ஜத். கம்பெனி நண்பர்கள், அறைத் தோழர்கள் என்று கூட்டமாகக் கிளம்புகிறார்கள். வழியில் குறுக்கிடும் ஓடைகளில்தான் ஆபத்து காத்திருக்கிறது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். மலை ஓடையில் வேகமும் தெரியவேண்டும். நீரின் வேகம் 2 மடங்கானால், காலைத் தள்ளும் விசை 4 மடங்காகிவிடும். முழங்கால் அளவு நீரே ஆளைச் சாய்த்துவிடும்.

நொடியில் வந்த வெள்ளம்

2024 ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை. லோனாவாலா பூஷி அணை அருகே உள்ள அருவியில் ஒரு குடும்பத்தினர் நின்றிருந்தனர். திடீரென்று வெள்ளம் பெருகியது. ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து நின்றும் பயனில்லை. ஒரு பெண்ணும் 4 குழந்தைகளும் பலியானார்கள்.

மழையே இல்லாமலும் வெள்ளம் வரும். 2014 ஜூன் 8-ந் தேதி, இமாசலப் பிரதேசத்தில் லார்ஜி அணையில் இருந்து திறந்துவிட்ட நீர், பியாஸ் ஆற்றில் நின்ற ஐதராபாத் கல்லூரி மாணவ-மாணவிகள் 24 பேரை அடித்துச் சென்றது.

அடையாளம் என்ன?

தெளிந்த நீர் கலங்கினாலும், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் கூடினாலும் உடனே கரையேறுங்கள். மலை உச்சியில் மழை பெய்கிறது என்று அர்த்தம். காலையில் கணுக்கால் அளவு ஓடிய ஓடை, திரும்பும்போது இடுப்பளவு ஓடலாம்.

கடந்தே தீரவேண்டுமானால்

அருவிக்கு மேலே ஒருபோதும் கடக்காதீர்கள். அகலமான, நீர் பரவி ஓடும் இடமே நல்லது. உள்ளூர்க்காரரிடம் வழி கேளுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் இறங்கக்கூடாது. முதுகுப்பையின் இடுப்பு வார், மார்பு வார்களை அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிடலாம். நீர் வரும் திசையைப் பார்த்து, கம்பு ஊன்றி, பக்கவாட்டில் அடியெடுத்து வையுங்கள். உடலில் கயிறு கட்டாதீர்கள்; கயிறே நீருக்குள் அமுக்கிவிடும்.

நீர் இழுத்துக்கொண்டால் மல்லாந்து, கால்களை நீர் போகும் திசையில் நீட்டி, கரைப்பக்கம் ஒதுங்குங்கள். ஓடும் நீரில் எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கில் கால் சிக்கும். கரையில் இருப்பவர்கள் குதிக்காமல் கம்பையோ கயிற்றையோ வீசவேண்டும். உதவிக்கு 112.

திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டும் என்ற அவசரமே பலரைத் தண்ணீரில் இறக்குகிறது. வெள்ளம் வடியும்வரை கரையிலேயே காத்திருந்தால் போவது ஒருநாள் சம்பளம். ஊரில் ஒரு குடும்பம் அந்தக் கால்களை நம்பித்தான் இருக்கிறது.