உங்களுக்குத் தெரியுமா? மிதிவண்டியின் பிரேமும் ஒருவகை நெசவே

தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ரா 1956 முதல் இயங்கிவரும் கோவை பீளமேட்டிலும், மிதிவண்டியின் உடற்சட்டமாகிய பிரேமை இழையால் உருவாக்கலாம் என்பது பலருக்கு வியப்பளிக்கும். ஏறத்தாழ 7 மைக்ரான் தடிமனே உள்ள கார்பன் இழைகளை அடுக்கடுக்காகப் பரப்பி, எபாக்ஸி என்னும் பிசினால் பிணைத்து, அச்சில் வெப்பமும் அழுத்தமும் தந்து இறுக்குவதால் கிடைக்கும் இப்பொருளின் அடர்த்தி, எஃகினுடையதில் சுமார் ஐந்தில் ஒரு பங்கே ஆகும்.

1949-இல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் ஊரெங்கும் பரப்பிய எஃகு வண்டிகள், அடிபட்டால் நசுங்கியோ வளைந்தோ தம் பழுதை வெளிக்காட்டிவிடும். பெரும்பாலும் வெல்டிங் பட்டறையிலேயே சீராகியும்விடும். அவற்றுக்குப் பகை துருவே, அதிலும் மழைநீர் தேங்கும் குழாயின் உட்புறத்தில் கண்ணுக்குப் படாமல் பரவும் துரு. கார்பன் துருப்பிடிப்பதில்லை என்றாலும், கூரிய மோதல் அதன் உள்ளடுக்குகளைப் பிரித்துவிட்ட பின்னரும் மேற்பூச்சு குறையின்றித் தோன்றலாம் என்பதே உண்மையான ஆபத்து; நாணயத்தால் தட்டிப் பார்க்கையில் ஒலி மந்தமாகும் இடம் ஐயத்திற்குரியது. இருக்கைத் தண்டின் திருகை அளவுமீறி முறுக்கினாலும் குழாய் விரிசலுறும் என்பதால், முறுக்குவிசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு இன்றி அதைத் தொடாதிருப்பதே நலம். விரிசலுற்ற கார்பனையும் புதிய இழையடுக்கு ஒட்டிச் சீர்செய்ய முடியும். ஆயினும் அது தெருமுனைக் கடையின் வேலையன்று.