கடையாலில் கட்டிய குதிரைகள்

வாத்து வேட்டைப் படகு என்பது வட அமெரிக்காவின் சதுப்புநிலங்களிலும் ஏரிகளிலும் வழங்கும் ஒரு சிறு படகு வகை. ஏறத்தாழ 12 முதல் 16 அடி நீளமும் தட்டையான அடிப்பகுதியும் கொண்டு, முழங்காலளவு நீரிலும் மிதக்கும்படி பெரும்பாலும் அலுமினியத் தகட்டால் செய்யப்படும் அப்படகின் பின்பலகையில், கழற்றி மாட்டக்கூடிய ஒரு சிறு எஞ்சின் தொங்கும். அத்தகைய எஞ்சினைத் தமிழ்நாட்டு அரசு ஆவணங்கள் வெளிப்பொருத்தும் இயந்திரம் என்று குறிக்கின்றன. கடற்கரையில் அதற்கு அவுட்போர்டு எஞ்சின் என்பதே வழக்கு. இரண்டு ஆட்களையும் ஒரு நாளைக்குரிய சுமையையும் ஏற்றிக்கொண்டு விடியலுக்கு முன்பே நாணற்காட்டை அடைய வேண்டியிருப்பதால், அந்தச் சிறு எஞ்சினிலிருந்து இன்னும் சிறிது வேகத்தைப் பெறுவது எவ்வாறு என்ற கேள்வி அங்கே ஓயாமல் எழுந்துகொண்டிருக்கிறது.

இந்தியாவில் அவ்வேட்டைக்கு இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு உரிமம் வழங்கச் சிறிது இடம் விட்டிருந்தது. 1991-ஆம் ஆண்டின் திருத்தம் அந்த வழியையும் அடைத்தது. குளிர்காலத்தில் தமிழகத்துக் கண்மாய்களுக்கு வலசை வரும் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் அச்சமின்றி மேய்ந்து திரும்புவதற்கு இச்சட்டமே காவல் என்பதால், அது அப்படியே நிலைக்க வேண்டும். உள்நாட்டு நீர்நிலைகளில் மீன் பிடிப்போருக்குப் பரிசலும் துடுப்புமே பெரும்பாலும் போதுமானவையாக இருக்கின்றன. எனினும் வேம்பார் முதல் கன்னியாகுமரி வரை கரையிலிருந்து நாள்தோறும் புறப்படும் ஃபைபர் படகுகளுக்கும், கண்மாய் உடைந்து ஊர் நீரில் மூழ்கும்போது வந்து சேரும் மீட்புப் படகுகளுக்கும் மேற்கண்ட கேள்வி பொருந்துவதால், அதன் விடையை இங்கே விரிவாகக் காண்பது தகும்.

படகு நீரில் செல்வதற்கு இரண்டு நிலைகள் உண்டு. முதல் நிலையில் படகு தன் எடைக்குச் சமமான நீரை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு செல்கிறது. அவ்வாறு செல்கையில் அணியத்தில், அதாவது முன்முனையில், ஓர் அலையும் கடையாலில், அதாவது பின்முனையில், மற்றோர் அலையும் எழுகின்றன. வேகம் கூடக்கூட இவ்விரு அலைகளுக்கு இடையிலுள்ள தொலைவு நீண்டு படகின் நீளத்துக்குச் சமமாகும்போது, படகு தானே எழுப்பிய அலையின் பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறது. 1872-இல் இங்கிலாந்தின் டார்க்கீயில் நீர்த்தொட்டி அமைத்துப் படகு மாதிரிகளை இழுத்துச் சோதித்த வில்லியம் ஃபுரூட் இத்துறைக்கு அடித்தளமிட்டவர். அவர் வழிவந்த நடைமுறைக் கணக்கின்படி, நீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்த எல்லை வேகம் நாட் அளவில் கிடைக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். 14 அடிப் படகுக்கு இது ஏறத்தாழ 5 நாட், அதாவது மணிக்கு 9.3 கிலோமீட்டர் மட்டுமே. இந்த எல்லையருகே எஞ்சினின் திறனை இரட்டித்தாலும் பெரிய அலையும் வீணான எரிபொருளும்தான் மிஞ்சும்.

இரண்டாம் நிலையில் படகு அந்த அலைமேட்டின்மேல் ஏறி, நீரைப் பிளப்பதை விட்டுவிட்டு அதன் மேற்பரப்பில் வழுக்கிச் செல்லத் தொடங்குகிறது. தட்டையான அடிப்பகுதி கொண்ட படகுக்கு இது எளிது. உருண்டை வயிற்றுப் படகுக்கு அரிது. ஆகவே தன் படகு மெதுவாகச் செல்கிறது என்று கருதும் ஒருவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது மேட்டின்மேல் ஏறுகிறதா, ஏறாமல் அணியத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு கடையாலால் நீரை உழுதுகொண்டிருக்கிறதா என்பதே. ஏறாத படகுக்கு வேண்டிய மருந்து வேறு. ஏறியபின் இன்னும் விரைய வேண்டிய படகுக்கு வேண்டியது வேறு.

ஏறாத படகின் முதற்பகை எடை. வழுக்கிச் செல்லும் படகின் வேகம், எஞ்சினின் திறனை மொத்த எடையால் வகுத்துவரும் ஈவின் வர்க்கமூலத்தை ஒட்டிக் கூடிக் குறைகிறது என்பது படகு வடிவமைப்போர் நெடுங்காலமாகக் கையாளும் விதி. படகு, எஞ்சின், எரிபொருள், ஆட்கள், சாமான் எல்லாம் சேர்ந்து 350 கிலோ இருக்கும் ஒரு படகில் 10 குதிரைத்திறன் எஞ்சின் பூட்டப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். அதிலிருந்து 50 கிலோவை இறக்கிவிட்டால், கிடைக்கும் பயன் அந்த எஞ்சினை ஏறத்தாழ 11.7 குதிரைத்திறன் ஆக்குவதற்குச் சமம். இதற்குக் காசு செலவில்லை. படகின் தரையில் தேங்கும் நீரையே எடுத்துக்கொண்டால், மூன்று மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள தளத்தில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீர் 36 லிட்டர், அதாவது 36 கிலோ ஆகிறது. கணுக்காலைக்கூட நனைக்காத அந்த நீரை ஒருவரும் சுமையாக எண்ணுவதில்லை. பழைய ஃபைபர் படகுகளின் இரட்டைத் தளத்துக்கு இடையே மிதப்புக்காக அடைக்கப்பட்ட நுரைப்பஞ்சு, விரிசல் வழியே ஆண்டுக்கணக்கில் நீரை உறிஞ்சிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத சுமையாகிவிடுவதும் உண்டு.

எடை எவ்வளவு என்பதோடு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியமானது. எஞ்சினின் கைப்பிடியைப் பிடித்து ஓட்டுபவர் கடையாலில்தான் அமர்ந்தாக வேண்டும். எஞ்சினும் அங்கேயே தொங்குகிறது. எரிபொருள் கேனும் பழக்கத்தால் அங்கேயே வைக்கப்படுகிறது. இதனால் கடையால் ஆழ்ந்து அணியம் எழுந்துவிட, எஞ்சினின் ஆற்றலெல்லாம் படகைத் தூக்கிப் பிடிப்பதிலேயே கரைந்துபோகிறது. கேனை நீண்ட குழாயோடு முன்னே நகர்த்துவதும், கைப்பிடியோடு ஒரு நீட்டுக்குழலைப் பொருத்தி ஓட்டுபவரே இரண்டடி முன்னால் அமர்வதும் பெரும்பாலும் போதும். மேட்டில் ஏறவே ஏறாது என்று கைவிடப்பட்ட படகும் ஏறிவிடுவதுண்டு.

படகின் அடிப்பகுதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பாசியும் கொட்டலசும் படிந்த அடிப்பகுதி நீரைப் பற்றி இழுக்கும். அதைச் சுரண்டித் தேய்த்தாக வேண்டும். கடையாலை ஒட்டிய கடைசி மூன்றடி நேராக இருக்க வேண்டும் என்பது அதைவிடக் கவனிக்கத்தக்கது. வண்டியில் தவறாகத் தாங்கிவைத்த படகின் அடிப்பகுதி அவ்விடத்தில் உட்குழிந்துவிட்டால், அக்குழிவு கடையாலை மேலே தூக்கி அணியத்தை நீரில் அழுத்தி வேகத்தைத் தின்றுவிடும். ஒரு நேரான கட்டையை அடியில் வைத்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

சுழல்விசிறி, அதாவது புரொப்பெல்லர், இப்பொருளின் நெஞ்சாகும். அதன் மையக்குமிழில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் விட்டத்தையும், அடுத்தது பிட்ச் எனப்படும் புரியளவையும் குறிக்கும். மரத்தில் திருகப்படும் திருகாணி ஒரு சுற்றில் எவ்வளவு உள்ளே இறங்குகிறதோ அதைப் போல, விசிறி ஒரு சுற்றுச் சுற்றும்போது நழுவாமல் எவ்வளவு தொலைவு முன்னேற வேண்டுமோ அதுவே புரியளவு. எஞ்சின் நிமிடத்துக்கு 5,500 சுற்றுச் சுற்றுகிறது, எஞ்சினின் அடிப்பகுதியிலுள்ள பற்சக்கரங்கள் அதை 2.08-இல் ஒரு பங்காகக் குறைக்கின்றன, விசிறியின் புரியளவு 10 அங்குலம் என்று கொண்டால், கணக்குப்படி படகு மணிக்கு 40 கிலோமீட்டர் செல்ல வேண்டும். நீர் மரத்தைப் போல் கெட்டியானதன்று. விசிறி அதில் நழுவும். நழுவல் 15 விழுக்காடாக இருந்தால் வேகம் 34 கிலோமீட்டர். சிறு படகுக்கு இது நல்ல நிலை. கைபேசியின் ஜிபிஎஸ் 26 என்று காட்டுமானால் நழுவல் 35 விழுக்காட்டை எட்டிவிட்டது என்றும், படகின் எடையிலோ எஞ்சினின் உயரத்திலோ விசிறியிலோ குறை இருக்கிறது என்றும் கொள்ளலாம்.

பெரிய புரியளவு கொண்ட விசிறியை மாட்டினால் வேகம் கூடும் என்று எண்ணுவது இயல்பு. மேட்டுச்சாலையில் பெரிய கியரைப் போட்டு மிதிக்கும் சைக்கிள்காரரின் நிலைதான் அப்போது எஞ்சினுக்கு நேர்கிறது. ஒவ்வோர் எஞ்சினுக்கும் முழு விசையில் எட்ட வேண்டிய சுழற்சி எல்லை அதன் கையேட்டில் தரப்பட்டிருக்கும். இத்தகைய சிறு எஞ்சின்கள் பலவற்றுக்கு அது நிமிடத்துக்கு 4,500 முதல் 5,500 சுற்று வரை. வழக்கமான சுமையோடு முழு விசையில் ஓட்டும்போது அந்த எல்லையின் மேற்பகுதியை எட்டாமல் எஞ்சின் திணறினால், புரியளவை ஓர் அங்குலம் குறைக்க வேண்டும். ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 200 சுற்று கூடும். குறைந்த புரியளவால் வேகம் கூடுகிறது என்பது முதலில் நம்ப முடியாததாகத் தோன்றினாலும், திணறிய எஞ்சின் தன் முழுத்திறனையும் அப்போதுதான் வெளிப்படுத்துகிறது. மாறாக, எல்லையைத் தாண்டிச் சுழலும் எஞ்சினுக்குப் புரியளவைக் கூட்ட வேண்டும். அவ்வாறே விட்டால் அது தேய்ந்து அழியும்.

விசிறியைக் கையில் எடுத்து விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தால் இன்னொன்று புலப்படும். கல்லிலும் மணலிலும் பட்ட அலுமினிய இதழின் முன்விளிம்பு ரம்பப்பல்லைப் போல் நெளிந்திருக்கும். மூன்று இதழ்களில் ஒன்று மற்ற இரண்டைவிடச் சற்று வளைந்திருக்கும். நெளிந்த விளிம்பின் பின்னால் நீரின் அழுத்தம் மிகக் குறைந்து, சூடே இல்லாமல் நீர் அங்கே கொதித்துக் குமிழிகளாகிறது. இதுவே கேவிடேஷன் எனப்படும் குமிழியாதல். அக்குமிழிகள் உடையும்போது உலோகத்தையே அரித்துப் புள்ளிக்குழிகளை உண்டாக்கும். 1894-இல் சார்லஸ் பார்சன்ஸ் நீராவிச் சுழலியால் இயக்கிய டர்பீனியா என்ற கப்பல் எதிர்பார்த்த வேகத்தை எட்டாமல் போனதற்கு முதன்மையான காரணம் இதுவே. ஒற்றை விசிறிக்குப் பதிலாக மூன்று தண்டுகளில் மும்மூன்றாக ஒன்பது விசிறிகளைப் பொருத்தியும் சுழலியைத் திருத்தியமைத்தும் 1897-இல் அவர் அதை 34 நாட் வேகத்தில் ஓட்டிக் காட்டினார். சிறு படகுக்காரருக்கு ஓர் அரமும் பொறுமையும் போதும். நெளிவு பெரிதாக இருந்தால் விசிறியைப் பட்டறையில் நேராக்கிக்கொள்ளலாம்.

எஞ்சின் தொங்கும் உயரம் அடுத்தது. விசிறிக்குச் சற்று மேலே கிடையாக நீண்டிருக்கும் தகட்டை மெக்கானிக்குகள் கேவிடேஷன் பிளேட் என்பர். உண்மையில் அது தடுப்பது குமிழியாதலை அன்று, மேற்பரப்பிலிருந்து காற்று இறங்கி விசிறியை அடைவதை. இத்தகடு படகின் அடிப்பகுதியோடு சமமாகவோ ஓர் அங்குலம் மேலாகவோ இருக்க வேண்டும். அதற்குக் கீழே தாழ்ந்திருக்குமானால், எஞ்சினின் கால், அதாவது நீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதி, தேவையின்றி நீரைக் கிழித்துக்கொண்டு தடையாகும்; பின்பலகைமேல் ஒரு பிளைவுட் துண்டை வைத்து எஞ்சினைச் சிறிது உயர்த்திப் பார்க்கலாம். மிகையாக உயர்த்தினால் திருப்பத்தில் விசிறி காற்றை வாரிக்கொள்ள, எஞ்சின் அலறும், படகு நகராது. எஞ்சின் சாய்ந்து நிற்கும் கோணத்தை அதன் தாங்கியிலுள்ள துளைகளில் ஒரு முளையை மாற்றிச் செருகித் திருத்தலாம். உள்நோக்கிச் சாய்த்தால் அணியம் தாழும், வெளிநோக்கிச் சாய்த்தால் எழும்.

ஆகாயத்தாமரை மண்டிய கண்மாயிலோ வெள்ளம் சூழ்ந்த வயலிலோ இந்தக் கணக்குகள் போதுவதில்லை. கொடியும் கயிறும் சேலைத்துண்டும் விசிறியில் சுற்றிக்கொள்ள, வரப்பில் மோதி எஞ்சினின் கால் உடைய, வேகத்தைவிட நின்றுபோகாமல் செல்வதே பெரிதாகிவிடும். தாய்லாந்தின் கால்வாய்களில் பிறந்த நெடுவால் எஞ்சின் இதற்கு ஒரு விடை. நீண்ட தண்டின் நுனியில் சிறு விசிறியைக் கொண்ட அதை, ஓட்டுபவர் கைப்பிடியை அழுத்தியவுடன் நீரைவிட்டு மேலே தூக்கிவிடலாம். அமெரிக்க வாத்து வேட்டைக்காரர்கள் சேற்றுநிலத்துக்காகவும், தமிழகத்து மீனவர்கள் அலையடிக்கும் திறந்த கரைக்காகவும் ஒரே பொறியைத் தேர்ந்திருப்பது வியப்பளிக்கும் ஒற்றுமை. வேகத்தில் அது அவுட்போர்டுக்கு ஈடாகாது. தமிழகக் கரையில் அது டீசலில் ஓடுவதால் செலவு குறைவு. 2015-இல் சென்னையும் 2018-இல் கேரளமும் மூழ்கியபோது தெருக்களுக்குள் படகோட்டிய மீனவர்களின் திறமை, எங்கே விசையைக் குறைப்பது, எப்போது எஞ்சினைத் தூக்குவது என்பதில்தான் பெரிதும் வெளிப்பட்டது.

எஞ்சினையே திருத்தி வேகம் பெறுவது கடைசி வழி. ஒரே உடலைக் கொண்ட எஞ்சின்கள் 9.9 என்றும் 15 என்றும் விற்கப்படுவதும், கார்ப்பரேட்டர் முதலிய சில உறுப்புகளே அவற்றை வேறுபடுத்துவதும் உண்டு. அவற்றை மாற்றிவிடுவோர் எஞ்சினின் உத்தரவாதத்தை இழக்கின்றனர். படகின் பின்பலகை தாங்கும் அளவையும் மறந்துவிடுகின்றனர். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்களோ பெட்ரோலில் கிளம்பிச் சூடேறியபின் மாறுவன. அவற்றில் கரி படிவது மிகுதி என்பதால், ஸ்பார்க் பிளக்கைத் துடைப்பதும் கரியை நீக்குவதும் இழந்த திறனை மீட்டுத் தரும். இழந்ததை மீட்பது வேறு, இல்லாததைப் பிழிவது வேறு. 1980-களின் தொடக்கத்தில் கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் 7, 8 குதிரைத்திறன் எஞ்சின்களோடு தொடங்கிய மோட்டார்மயம், கேரளத்தின் பெருவலை வள்ளங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட 40 குதிரைத்திறன் எஞ்சின்களில் போய் நின்றது. பக்கத்துப் படகைவிட முன்னதாக மீன்கூட்டத்தை அடையும் போட்டியில் எரிபொருட் செலவும் கடனும் பெருகின, கடலில் மீன் பெருகவில்லை. விசிறியையும் எடையையும் சீர்செய்து கிடைக்கும் வேகத்துக்கு அந்த விலை இல்லை.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரே சுமையோடு, காற்றை எதிர்த்து ஒருமுறையும் காற்றோடு ஒருமுறையும் ஓட்டிச் சராசரியைக் குறித்துக்கொள்ள வேண்டும். அச்சோதனைக்கு முன் எஞ்சினை நிறுத்தும் சுருள்கயிற்றை ஓட்டுபவர் தம் மணிக்கட்டில் மாட்டிக்கொள்வது கட்டாயம். விரையும் சிறு படகிலிருந்து அவர் தூக்கி எறியப்பட்டால், பிடிப்பாரற்ற கைப்பிடி விசிறியின் முறுக்கால் ஒரு பக்கம் திரும்பிக்கொள்ள, படகு வட்டமடித்து அவர் மிதக்கும் இடத்துக்கே திரும்பி வரும்.