உங்களுக்குத் தெரியுமா? ஓசூரின் மின்வண்டிகள்

1 லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான். ஆனால் அது எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும். காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்ந்துகொள்வதால் எடை மும்மடங்காகிறது.

1980-இல் பெட்ரோலில் ஓடும் டிவிஎஸ் 50 மொபெட்டைத் தந்த ஓசூரில்தான் இன்று ஐக்யூப், ஏத்தர் மின்ஸ்கூட்டர்களும் தயாராகின்றன. ஓலாவின் மின்ஸ்கூட்டர் ஆலையும் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், போச்சம்பள்ளியில் இருக்கிறது. மின்வண்டிகளுக்குப் புகைக்குழாய் இல்லாவிட்டாலும், சார்ஜ் ஏற்றும் மின்சாரத்தில் கணிசமான பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது.

கரியமில வாயு பெருகுவதால் வரும் காலநிலை மாற்றத்தின் அடி இம்மாவட்டத்து மாந்தோப்புகளில் நேராக விழுகிறது. பூக்கும் பருவத்தில் வெயில் முந்தினாலோ, காலம் தவறி மழை பெய்தாலோ பூவும் பிஞ்சும் கொட்டிவிடும்.

கூரையில் சூரியத் தகடு உள்ளவர்களே, நிலக்கரி மின்சாரத்தைக் குறைக்க மின்வண்டிக்குப் பகலில் சார்ஜ் போடுங்கள்.