பாட்டியின் ரப்பர் சப்பாத்தும் பேரனின் பார்க்கூரும்

"சித்தி, நானூறு வெள்ளி இருக்குமா?"

சனிக்கிழமை காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு ரஹாங்கில் இருக்கும் அம்மா வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா மகன் கேட்ட முதல் கேள்வி இதுதான். அவனுக்குப் பதின்மூன்று வயது. ஐந்து மாதமாகப் பார்க்கூர் பழகுகிறான். சுவரைத் தாண்டுவது, கம்பியின் மேல் நிற்பது, ஒரு திட்டிலிருந்து இன்னொரு திட்டுக்குக் குதிப்பது என்று பக்கத்துத் தெரு அண்ணன்களோடு வாரத்தில் மூன்று மாலை சிரம்பான் ஏரிப் பூங்காவுக்குப் போய்விடுவான். கைப்பேசியில் ஒரு சப்பாத்துப் படத்தைக் காட்டினான். அடிப்பகுதி மூன்று விரல் தடிமன். உள்ளே காற்றுப் பை. பின்னால் பளிச்சென்று பச்சை வார்.

நான் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அவன் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சப்பாத்து அப்புறம் வாங்கலாம்யா. மொதல்ல இங்க வந்து ஒக்காரு. காலை நீட்டு."

மறுத்துப் பார்த்தான். அம்மா விடவில்லை. காலுறையைக் கழற்றியதும் தெரிந்தது. வலது குதிகாலை அழுத்தினால் துள்ளினான். பெருவிரலுக்குக் கீழே உடைந்த கொப்புளம், அதன் மேல் நான்கு நாள் பழைய பிளாஸ்டர். கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவே வெள்ளையாக ஊறிப்போன தோல். குதிகால் வலி தொடங்கி இரண்டு வாரம் ஆகிறதாம். சொன்னால் அக்கா பார்க்கூரை நிறுத்திவிடுவார் என்று மறைத்து வைத்திருக்கிறான்.

அம்மா எதுவும் திட்டவில்லை. தன் இடது காலைத் தூக்கி அவன் காலுக்குப் பக்கத்தில் வைத்தார். அதில் மூன்று விரல்கள்தான் இருக்கின்றன.

ஒரு சிறு கல்

அம்மா லாபு பக்கம் ஒரு தோட்டத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். இருட்டில் பெரட்டுக்குப் போய், ஐந்நூறு மரம் வெட்டி, மங்கு மங்காகப் பால் எடுத்து, வாளி சுமந்து நடந்த கால்கள் அவை. சேறு, முள், அட்டை எல்லாவற்றையும் தாங்கிய அந்தக் கால்களுக்குத் தோட்டத்தில் ஒன்றும் ஆகவில்லை. ரஹாங்குக்குக் குடிவந்து, இனிப்பு நீர் வந்த பிறகுதான் எல்லாம் நடந்தது.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவிழா நாள். சப்பாத்துக்குள் ஒரு சிறு கல் கிடந்தது. நீரிழிவால் உணர்ச்சி குறைந்துபோன பாதம் என்பதால் அது உறுத்தியது அவருக்குத் தெரியவில்லை. நாள் முழுக்க நடந்துவிட்டார். வலி இல்லாததால் பார்க்கவும் இல்லை. நாங்களும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து நாற்றம் வந்தபோது இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல. 2019ஆம் ஆண்டில் நடந்த தேசியச் சுகாதார ஆய்வு, 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. 2023இல் அது 15.6 விழுக்காடு. இரண்டு ஆய்வுகளிலுமே இந்தியர்களிடையே விகிதம் அதிகம். அதனால்தான் ஒரு சிறுவனின் சப்பாத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தாலும், பேச்சு வீட்டிலுள்ள எல்லாருடைய கால்களுக்கும் போய்ச் சேருகிறது.

முதலில், பார்க்கூர் என்றால் என்ன?

"சுவர் ஏறிக் குதிக்கிற பையன்கள்" என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் ஹெபேர், ஓடுதல், தாண்டுதல், ஏறுதல், சமநிலை காத்தல் போன்ற இயல்பான அசைவுகளைக் கொண்டு ஒரு பயிற்சி முறையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தார். இராணுவத்தின் தடைதாண்டும் பாதைக்கு அதுவே அடிப்படை. பாதை என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்துதான் பார்க்கூர் என்ற பெயர் வந்தது. வியட்நாமில் பிறந்து பாரிஸ் தீயணைப்புப் படையில் பணியாற்றிய ரேமோன் பெல், அந்தப் பயிற்சியில் ஊறியவர். அவருடைய மகன் டேவிட் பெல்லும் நண்பர்களும் பாரிஸுக்கு அருகே லீஸ் என்ற ஊரில் இதை வளர்த்தார்கள். 2017இல் பிரிட்டன் இதை அதிகாரப்பூர்வ விளையாட்டாக ஏற்றுக்கொண்டது.

இதற்கு மட்டை வேண்டாம், பந்து வேண்டாம். ஒரே கருவி சப்பாத்துதான். தரையை முதலில் தொடுவது பாதம். ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் இருக்கின்றன. குதித்து இறங்கும்போது, உடல் எடையைப்போல் பல மடங்கு விசை அவற்றின் மேல் விழுகிறது.

தோட்டத்துச் சப்பாத்து சொல்லும் பாடம்

பேரன் காட்டிய படத்தை அம்மாவிடம் காட்டினேன். "இம்மாம் தடியா இருந்தா தரை எங்க இருக்குன்னு காலுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அம்மா தோட்டத்தில் போட்டது கறுப்பு ரப்பர் சப்பாத்து. மலாயில் காசுட் கெத்தா. முழுக்க ஒரே ரப்பர், அடியில் சிறு குமிழ்கள், தையலே கிடையாது. இன்று குனோங் அங்சி, குனோங் டத்தோ ஏறும் இளைஞர்களும் அதைத்தான் மாட்டிக்கொண்டு போகிறார்கள். கிண்டலாக வைத்த பெயர் 'அடிடாஸ் கம்போங்'. எடை குறைவு. தண்ணீர் புகுந்தாலும் கழுவிக் கவிழ்த்தால் போதும். அடிப்பகுதி மெல்லியது என்பதால் வேர், கல், சரிவு எல்லாம் காலுக்குத் தெரியும்.

பார்க்கூருக்கும் இதே குணங்கள்தான் தேவை. அடிப்பகுதி மெல்லியதாக, வளையக்கூடியதாக, ஒரே ரப்பர்த் துண்டாக இருக்க வேண்டும். ஷாங்ஹாயில் தோன்றிய ஃபெய்யூ என்ற சாதாரணத் துணிச் சப்பாத்து பார்க்கூர் பழகுவோரிடம் பெயர் பெற்றதும் இதனால்தான். ஓட்டத்துக்கான தடித்த சப்பாத்து நேராக ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. குறுகிய சுவர் விளிம்பில் நிற்கும்போது அந்த மெத்தை பக்கவாட்டில் சாய்ந்து கணுக்காலைப் புரட்டிவிடலாம். இன்னொரு ஆபத்தும் உண்டு. குதிகாலில் தொப்பென்று இறங்கினாலும் மெத்தை வலியை மறைத்துவிடும். பையன் தவறான முறையையே பழகிக்கொள்வான். வலி முட்டிக்கும் இடுப்புக்கும் போன பிறகுதான் தெரியவரும்.

அப்படியானால் காசுட் கெத்தாவையே போடலாமா என்று கேட்காதீர்கள். அதன் குமிழ்கள் சேற்றைக் கவ்வுவதற்கானவை. சிமெண்டுச் சுவரில் குமிழ்களின் முனை மட்டுமே படும். ஈரமான வழவழப்பான தளத்தில் வழுக்கிவிடும். காற்றும் புகாது. வியர்வையில் கால் ஊறும். பாடத்தை எடுத்துக்கொள்வோம், சப்பாத்தை மலைக்கு விட்டுவிடுவோம்.

கடையில் ஐந்து சோதனை

மாலை நேரத்தில் கடைக்குப் போங்கள். நாள் முழுக்க நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். அதுதான் சரியான அளவு. பயிற்சிக்குப் போடும் காலுறையையே போட்டுக்கொள்ளுங்கள்.

1. வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் சப்பாத்து எளிதாக மடங்க வேண்டும்.

2. திருப்பிப் பாருங்கள். அடிப்பகுதியின் நடுவில் கடினமான பிளாஸ்டிக் பாலம் இருந்தால் வேண்டாம். கம்பியின் மேல் நடுப்பாதம் படும்போது பிளாஸ்டிக் வழுக்கும். முன்னிருந்து பின்வரை ரப்பராக இருக்கட்டும்.

3. தேய்த்துப் பாருங்கள். கடைத் தரையில் காலை ஊன்றி மெதுவாகத் தள்ளினால், ரப்பர் பிடித்து நிற்க வேண்டும். ஆழமான பள்ளங்களைவிடத் தட்டையான, மென்மையான ரப்பர் சுவரில் நன்றாகப் பிடிக்கும்.

4. நின்று பாருங்கள். இரண்டு காலிலும் போட்டு எழுந்து நிற்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடம் போதும். குதிகால் எழும்பக் கூடாது. விரல்கள் பக்கவாட்டில் நெரிபடக் கூடாது. "வளர்ற புள்ள, ரெண்டு சைஸ் பெருசா வாங்கு" என்பது நம் குடும்பங்களின் பழக்கம். பள்ளிச் சப்பாத்துக்கே அது நல்லதல்ல. சுவர் தாண்டும் சப்பாத்துக்கு அது ஆபத்து. உள்ளே கால் நழுவினால் கொப்புளமும் வரும், தடுக்கியும் விழுவான்.

5. கயிற்றைப் பாருங்கள். தொங்கும் முனைகளை உள்ளே செருக வழி இருக்க வேண்டும். சுற்றி எங்கும் கொக்கியோ தொங்கும் வாரோ வேண்டாம்.

இந்தச் சோதனைகளில் அவன் கேட்ட நானூறு வெள்ளிச் சப்பாத்து முதல் இரண்டிலேயே தோற்றது. கடைசியில் அவன் காலுக்குச் சரியாக அமைந்தது எண்பத்தொன்பது வெள்ளிச் சப்பாத்து. ரப்பர் தேய்ந்து அடித்துணி தெரிந்தால், கிழியாவிட்டாலும் மாற்ற வேண்டும் என்று அப்போதே பேசிக்கொண்டோம்.

சப்பாத்து செய்ய முடியாதது

கிளினிக்கில் மருத்துவர் குதிகாலை இருபுறமும் பிடித்து அழுத்திப் பார்த்தார். வளரும் பிள்ளைகளுக்குக் குதிகால் எலும்பின் பின்பகுதியில் ஒரு வளர்ச்சித் தட்டு இருக்கிறது. கெண்டைக்கால் தசை அதைத் தொடர்ந்து இழுக்கும்போதும், குதிப்பதால் அடி விழும்போதும் அங்கே வலி வரும். எட்டு வயது முதல் பதினான்கு வரை ஓடியாடும் பிள்ளைகளிடம் இது அடிக்கடி வருவதுதான், எலும்பு வளர்ச்சி முடிந்ததும் நின்றுவிடும் என்றார். வலி அடங்கும்வரை குதிக்கக் கூடாது. கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சி செய்ய வேண்டும். அன்றாட நடைக்குக் கொஞ்ச நாள் குதிகாலில் மெத்தை வைக்கலாம்.

பையன் முகம் வாடியது. "அப்ப ஒண்ணுமே செய்யக் கூடாதா?"

நிறையச் செய்யலாம். தரையில் துண்டை விரித்து விரல்களாலேயே சுருட்டி இழுக்கலாம். ஒற்றைக் காலில் நின்று பல் தேய்க்கலாம். வலி போன பிறகு படியில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்கலாம். அதன்பின் முழங்கால் உயரத்திலிருந்து குதித்துப் பழக வேண்டும். முன்பாதத்தில் இறங்கி, முட்டியை மடக்கி, சத்தம் வராமல் இறங்க வேண்டும். சத்தம் கேட்டால் முறை தவறு. ஒலிப்பதிவு அறையில் வேலை பார்க்கும் எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

கணுக்கால் சுளுக்கினால் உடனே நிறுத்துங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 அல்லது 20 நிமிடம் வையுங்கள். கட்டுப் போட்டுக் காலை உயர்த்தி வையுங்கள். நான்கு எட்டு எடுத்து வைக்க முடியாவிட்டால் எண்ணெய் தேய்த்து உருவிவிடக் கூடாது. எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

இரவில் பத்து நிமிடம்

நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் சப்பாத்துக்குள் எப்போதும் ஈரம். பயிற்சி முடிந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்துக் காய வையுங்கள். சேற்றுப்புண் தொடங்குவது அங்கேதான். அரிப்பும் வெள்ளைத் தோலும் இருந்தால் மருந்தகத்தில் பூஞ்சைக் களிம்பு கேளுங்கள். ஈரச் சப்பாத்துக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வையுங்கள். முடிந்தால் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள். உடையாத கொப்புளத்தைக் குத்தாதீர்கள். உடைந்ததைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, தினமும் புது பிளாஸ்டர் போடுங்கள். காய்ப்பு ஏறிய தோலைக் குளித்தபின் கல்லால் லேசாகத் தேய்க்கலாம், பிளேடு வேண்டாம்.

வீட்டில் நீரிழிவு உள்ளவர்களுக்கு விதிகள் இன்னும் கடுமை. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. சப்பாத்தைப் போடும் முன் கையை விட்டு உள்ளே தடவிப் பார்க்க வேண்டும். காய்ப்பைத் தாங்களே தேய்க்கக் கூடாது. சிறு காயமானாலும் அன்றே தாதியிடமோ மருத்துவரிடமோ காட்ட வேண்டும். அடிப்பாதத்தைக் குனிந்து பார்க்க முடியாதவர்களுக்கு வேறு யாராவது பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்த 'யாராவது' இப்போது அக்கா மகன்தான். முதல் வாரம் அம்மா அவன் காலைச் சோதித்தார். இரண்டாம் வாரம் அவனே, "பாட்டி, உங்க காலையும் காட்டுங்க" என்று கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்திருக்கிறான். அம்மாவின் வலது குதிகால் ஓரத்தில் ஒரு வெடிப்பு. அவருக்கு அது தெரியவே இல்லை. மறுநாள் காலையிலேயே கிளினிக்குக்குப் போய்க் கட்டுப் போட்டு வந்தார்கள். பத்து நாளில் ஆறிவிட்டது.

ஆறாவது வாரம் ஏரிப் பூங்காவுக்கு நானும் போனேன். அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவன் முழங்கால் உயரத் திட்டிலிருந்து குதித்தான். தொப்பென்று சத்தம் கேட்டது.

"கேட்டுச்சுய்யா," என்றார் அம்மா. "இன்னொரு தடவை குதி."