ஆட்டத் துணைவர்

கோல்ப் என்பது சிறு பந்தை மட்டையால் அடித்துத் தொலைவிலுள்ள குழியில் வீழ்த்தும் ஆட்டம். ஆடுவோர் 14 மட்டைகள் வரை கொண்டு செல்லலாம். அவற்றைச் சுமந்து உடன் செல்பவர் ‘கேடி’ எனப்படுவார்.

சுமத்தல் மட்டுமே அவர் பணியன்று. குழியின் தொலைவையும் காற்றின் போக்கையும் புல்தரையின் சரிவையும் ஆராய்ந்து, ஏற்ற மட்டை இஃது என உரைப்பார். தனித்து ஆடும் போட்டியில் ஆடுவோர் அறிவுரை கேட்கத்தக்கவர் அவர் ஒருவரே. அவர் விதி பிறழின் தண்டம் ஆடுவோரைச் சாரும். எனவே நேர்மையும் அவர்க்கு இன்றியமையாதது.

தில்லிக் கோல்ப் கழகத்தில் கேடியாக இருந்த அலி சேர், 1991-ஆம் ஆண்டு இந்திய ஓபன் போட்டியில் வென்றார். அப்பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவரே. 1993-இல் மீண்டும் வென்றார்.

மாணவர்களே! பிறர்க்குத் துணைநிற்போரின் அறிவைச் சிறிதென எண்ணற்க.