உப்பும் கருவாடும் சிறுநீரகமும்

உணவில் உப்பு மிகுவதால் சிறுநீரகத்துக்கு நேரும் கேட்டைப் பொன்னேரி, திருவொற்றியூர்ப் பக்கத்துக் குடியானவர்களுக்கும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் எடுத்துரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கமாகும். எண்ணூரை அடுத்த அத்திப்பட்டு, வல்லூர்ப் பகுதிகளில் நெடுங்காலம் உப்பளங்கள் நடந்து வந்தன. இராயபுரத்தைச் சார்ந்த காசிமேட்டுத் துறையில் இறங்கும் மீனில் ஒரு பகுதி உப்பிட்டுக் காயவைக்கப்பட்டுக் கருவாடாகிறது. ஆகவே இக்கரையோரத்தில் கஞ்சிக்குக் கருவாடும் ஊறுகாயும் துணையாவது பழைய வழக்கம்.

உவர் நிலத்தைத் திருத்தியவர்க்கு இவ்விஷயம் எளிதில் விளங்கும். நல்ல நீரைத் தேக்கி உப்பைக் கரைத்து வடிகால் வழியே வெளியேற்றினாலன்றி அந்நிலத்தில் பயிர் நில்லாது. தேகத்தில் அவ்வடிகாலாய் இருப்பது நாட்டு வழக்கில் குண்டிக்காய் எனப்படும் சிறுநீரகமே. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள. இவை நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்தினின்று வடிக்கின்றன. அதில் பெரும்பகுதி மீண்டும் இரத்தத்தில் சேர, 1 முதல் 2 லிட்டர் மட்டுமே சிறுநீராய்க் கழிகிறது.

உப்பு மிகுந்தால் தேகத்தில் நீர் தங்கும். இரத்த அழுத்தம் உயரும். அவ்வழுத்தம் வருஷக்கணக்கில் தாக்குவதால் வடிகட்டிகள் தடித்துச் சிதைகின்றன. சிதைந்தவை மீண்டும் உண்டாவதில்லை. பெரும்பகுதி கெட்டொழியும் வரையில் வலியோ காய்ச்சலோ தோன்றாதாகையால், நோயாளி தமக்கு நோயில்லை என்றே எண்ணியிருப்பார். சர்க்கரை வியாதியும் உள்ளவர்க்குக் கேடு இன்னும் விரைந்து வரும். உப்பு மிகுதியால் சிறுநீரில் சுண்ணாம்புச் சத்து அதிகமாய்க் கழிந்து, கல்லடைப்புக்கும் இடமுண்டாகிறது.

உலக சுகாதார ஸ்தாபனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு விதித்த அளவு 5 கிராமுக்குட்பட்ட உப்பு. அதாவது ஒரு சிறு தேக்கரண்டி. நம் நாட்டினர் உண்பதோ 8 முதல் 11 கிராம் என ஆராய்ச்சிகளால் தெரிகிறது. கருவாட்டின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேலும் உப்பு இருப்பதுண்டு. அவ்விதக் கருவாட்டில் 50 கிராம் உண்டவர்க்கு அன்றைய அளவு அதிலேயே முடிந்துபோம். சோற்றிலும் குழம்பிலும் அப்பளத்திலும் சேர்வதெல்லாம் மிகையே.

கருவாட்டை அடியோடு விலக்கச் சொல்வது நமது கருத்தன்று. அது மாமிசச் சத்து நிறைந்தது, விலையும் ஏழைக்கு எட்டுவது. வெந்நீரில் அரைமணி ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, மறுபடி இருமுறை கழுவிச் சமைத்தால் உப்பில் கணிசமான பங்கு நீங்கும். அக்குழம்புக்குத் தனியே உப்பிடலாகாது. புளியும் மிளகும் பூண்டும் சற்றுக் கூட்டினால் உப்பின் குறை நாவுக்குத் தெரியாது.

இந்துப்பு கெடுதல் செய்யாது என்று சிலர் வாதிப்பர். அதுவும் பெரும்பாலும் அதே உப்புத்தான், விலைதான் வேறு. வெயிலில் ஏர் உழுவோரும், எண்ணூர்த் தொழிற்சாலைகளில் அனலருகே நிற்போரும் வியர்வைக்கு ஈடாக உப்பைக் கூட்ட வேண்டுமென்பதும் பொதுவாய்ப் பொருந்தாது; வழக்கமான உணவிலுள்ள உப்பே பெரும்பாலோர்க்குப் போதும். அவர்க்குக் குறைவது தண்ணீரே. தாகம் எடுக்குமுன் அடிக்கடி பருக வேண்டும். நடவுக்கும் அறுவடைக்கும் ஆள்விடும் மிராசுதார்கள் வரப்பின் மேல் குடிநீரும் நிழலும் அமைத்துத் தருவது அவசியம். உடல்வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி நாடோறும் விழுங்கும் வழக்கத்தையும் தடுத்தல் நன்று. அவற்றுட் பல சிறுநீரகத்தைக் கெடுப்பவை.

நோய் முற்றியவர்க்கு விதி வேறு. ஏனையோர்க்கு நன்மை தரும் இளநீரும் வாழைப்பழமும் அவர்க்குப் பொட்டாசியச் சத்தை மிகுவித்து இருதயத்தை நிறுத்தவும் கூடும். பருப்பு, மீன், தண்ணீர் இவற்றின் அளவையும் வைத்தியரே குறிக்க வேண்டும்.

இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரில் ஆல்புமினும் இரத்தத்தில் கிரியாட்டினினும் பார்த்துக்கொள்ளல் வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் வீடுகளுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சோதிக்கின்றனர். அவர்கள் வரும் நாளைக் கிராம நிர்வாக அலுவலர்கள் முன்கூட்டி அறிந்து ஊராருக்குத் தெரிவிப்பார்களாக. வயலுக்குச் சென்றவர்கள் அன்று காலையில் வீட்டிலிருப்பது அப்போதுதான் கைகூடும்.