பழைய பிக்கப் வண்டியின் உயரத்தைக் குறைத்தல்

பிக்கப் வண்டியின் உயரத்தைக் குறைத்தல் என்பது, சஸ்பென்ஷன் எனப்படும் தாங்கமைப்பின் பாகங்களை மாற்றி, வண்டியின் உடலைத் தரைக்கு அருகே கொண்டுவருவதாகும். அமெரிக்காவில் செவ்ரோலே சி10, ஃபோர்டு எஃப்-100 போன்ற பழைய பிக்கப்களை வைத்திருப்போரிடம் இவ்வழக்கம் பரவலாக உள்ளது. அங்கு அவை பெரும்பாலும் விருப்பத்துக்காகப் பேணப்படுபவை. இந்தியாவில் பிக்கப் பிழைப்புக்கான சுமைவண்டி. எனவே, சக்கரம் மேலெழ எவ்வளவு இடம் மீதமிருக்கும் என்பதே பாகத் தேர்வின் முதல் அளவுகோல் ஆகும்.

நன்மையும் இழப்பும்

வண்டி தாழும்போது அதன் ஈர்ப்பு மையமும் தாழ்கிறது. இம்மையம் 70 செ.மீ. உயரத்திலிருந்து 63 செ.மீ. ஆனால், வளைவில் வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறும் எடை 10 விழுக்காடு குறையும். ஆனால் சக்கரத்தின் மேல்நோக்கிய அசைவிடம் சுருங்கும். 90 மி.மீ. இடமுள்ள வண்டியை 50 மி.மீ. தாழ்த்தினால் மீதி 40 மி.மீ. மட்டுமே. அதே குலுக்கலை இக்குறுகிய இடத்துக்குள் தாங்க, வில் சுமார் 5 மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். இல்லையெனில் அச்சு சேசிஸில் மோதும்.

முன்புறப் பாகங்கள்

சுருள்வில் உள்ள வண்டிகளில் இரு வழிகள் உண்டு. குட்டையான, விறைப்பு கூடிய சுருள்வில்லைப் பொருத்துவது ஒன்று. இதில் அசைவிடம் குறையும். சக்கரம் பொருந்தும் தண்டு சற்று மேலே அமைந்த ஸ்பிண்டிலைப் பொருத்துவது மற்றொன்று. இதில் வில்லின் அசைவிடம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். பழைய சுருள்வில்லை வெட்டியோ சூடாக்கியோ குட்டையாக்குவது ஆபத்தானது. சூட்டில் எஃகின் பதம் கெட்டுவிடும். எந்த வழியிலும், வேலை முடிந்தபின் வீல் அலைன்மென்ட் சரிபார்க்கப்பட வேண்டும்.

பின்புறப் பாகங்கள்

பெரும்பாலான சுமைவண்டிகளின் பின்புறத்தில் லீஃப் ஸ்பிரிங் எனும் பட்டைவில் உள்ளது. பட்டைவில் அச்சுக்குக் கீழே இருந்தால், இரண்டுக்கும் இடையே பிளாக் வைத்து வண்டியைத் தாழ்த்தலாம். அச்சுக்கு மேலே இருந்தால் அதே பிளாக் வண்டியை உயர்த்திவிடும். அப்போது வளைவு குறைந்த பட்டைவில்லைப் பொருத்த வேண்டும். அல்லது அச்சைப் பட்டைவில்லின் மேலே மாற்ற வேண்டும். இரண்டாவது வழியில் வண்டி மிகவும் தாழ்வதால், அச்சு மோதாதிருக்கச் சேசிஸை வெட்டி வலுவூட்ட நேரிடும். பட்டைகளைக் கழற்றி எடுப்பது மலிவான வழி. ஆனால் சுமைதாங்கும் திறன் அத்துடன் போய்விடும். புதிய உயரத்துக்கேற்ற குட்டை ஷாக் அப்சார்பரும், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சரியான கோணமும் தேவை.

பிரேக்

சில வண்டிகளில், பின்அச்சுக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளியை வைத்துப் பாரத்தை உணர்ந்து, பின்பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் வால்வு உண்டு. வண்டியைத் தாழ்த்தினால் இடைவெளி குறையும். வெறும் வண்டியையும் பாரம் ஏற்றியதாக வால்வு கருதும். பின்சக்கரங்களுக்குக் கூடுதல் அழுத்தம் செல்வதால், இறக்கத்தில் அவை பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கக்கூடும். எனவே வால்வின் இணைப்பைப் புதிய உயரத்துக்கேற்பச் சரிசெய்ய வேண்டும்.

கொல்லிமலைப் பாதை

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் பைல்நாடு உள்ளிட்ட 14 நாடுகள் உள்ளன. அடிவாரமான காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. மிளகு, அன்னாசி, பலா, வாழை போன்ற விளைபொருள்கள் மலையிலிருந்து கீழே இறங்க வேண்டும். வளைவில் ஒருபுறம் ஏறி மறுபுறம் இறங்கும் சாலைக்கேற்பச் சக்கரங்கள் தனித்தனியே மேலும் கீழும் செல்ல வேண்டும். மிகவும் தாழ்த்திய வண்டியில் அதற்கு இடமிராது. அடிப்பாகமும் தரையில் உரசும். இத்தகைய பாதையில் பாரம் ஏற்றும் வண்டிக்கு நிறுவனம் அமைத்த உயரமே ஏற்றது. தேய்ந்த பட்டைவில், புஷ், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றை மாற்றினாலே வளைவில் வண்டியின் தள்ளாட்டம் பெருமளவு குறையும்.

சட்டம்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. ஆகவே பாகங்களை வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது. சேசிஸை வெட்டும் வேலைக்கு இது இன்றியமையாதது.